8 நாள் குறைந்ததால் போன விண்ணப்பம்: குடியுரிமை அனுபவங்கள்

கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 8 நாள் குறைந்ததால் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைப்பதற்கு முன் படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருந்திருந்தால் ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். அப்படி 365 நாள் வரைதான் சேர்க்கலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஊருக்குப் போய் நான்கு மாதம் இருந்தேன். திரும்பி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவர் தவறிவிட்டார். அன்று இரவே மறுபடி விமானம் ஏறினேன். படிவம் நிரப்பும்போது இரண்டு பயணமும் மனதில் ஒரே பயணமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை போன 16 நாளை எழுதவே இல்லை. என் கணக்கில் 1,103 வந்தது, உண்மையில் 1,087.

பயண விவரம் கேட்டுக் கூடுதல் படிவம் வந்த பிறகுதான் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைகளைப் பார்த்தேன். அந்தத் தேதியைப் பார்த்ததும் கணக்கு மறந்துபோய் அழுதுகொண்டிருந்தேன். செயலாக்கக் கட்டணம் 530 டாலர் போனது போனதுதான்.

காலையில் அமெரிக்க எல்லை தாண்டி மாலையில் திரும்பினால் நாள் குறையாது, ஆனால் அதையும் படிவத்தில் எழுத வேண்டும். வாய்ப்பிருந்தால் 1,095-ஐத் தொட்டதும் அனுப்பாதீர்கள். இரண்டாம் முறை நான் 1,140-இல்தான் அனுப்பினேன். இப்போது தேர்வுக்குப் படிக்கிறேன், 20 கேள்வியில் 15 சரியாக இருக்க வேண்டும்.

—

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் ஜெர்மனியில் இருக்கிறேன். 2024 ஜூன் 27 முதல் இங்கே சட்டம் மாறியது. 8 வருடக் காத்திருப்பு 5 ஆனது, பழைய குடியுரிமையை விடச் சொல்வதும் நின்றது. ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தகுதி, குடியுரிமைத் தேர்வில் 33-க்கு 17, இரண்டும் உழைத்தால் முடியும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது பாஸ்போர்ட்தான்.

ஜெர்மனி விடச் சொல்லாவிட்டாலும் இந்தியா விடாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, நாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட் இன்னும் காலாவதியாகவில்லையே என்று அதில் ஊருக்குப் போய்வர நினைக்காதீர்கள், அது குற்றம். ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) எடுக்க வேண்டும். ஓசிஐ இருந்தால் விசா இல்லாமல் போய்வரலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் இந்த நிலப் பேச்சுதான் பெரிதாக நின்றது. அம்மா பெயரில் இருக்கும் வயல் பிற்பாடு எனக்கு வராதோ என்று அவர் பயந்துபோனார். வாரிசாக வருவதற்குத் தடையில்லை என்று ஒரு வக்கீலிடம் கேட்டுச் சொன்ன பிறகுதான், "சரிப்பா, எழுதிக் கொடு" என்றார். அந்தச் சம்மதத்துக்காகவே ஒரு வருடம் காத்திருந்தேன். ஓட்டு போனது இன்னும் வலிக்கிறது.

—

நான் லண்டனில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இங்க 5 வருசத்தில 450 நாளுக்கு மேல, கடைசி 12 மாசத்தில 90 நாளுக்கு மேல வெளியில நிண்டிருக்கக் கூடாது. எல்லாரும் அதை மட்டும்தான் எண்ணுவினம். விண்ணப்பம் போய்ச் சேருற நாளுக்குச் சரியா 5 வருசத்துக்கு முந்தின அந்தத் தேதியில நீங்கள் நாட்டுக்குள்ள நிண்டிருக்கவும் வேணும். நான் அனுப்ப நினைச்ச நாளைப் பின்னுக்கு எண்ணிப் பார்த்தால், அண்டைக்குத் தங்கச்சியின்ர கலியாண வீட்டில நிக்கிறன்! 11 நாள் பொறுத்துத்தான் அனுப்பினனான்.

எங்களுக்கு இலங்கையில இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கு, அது ஒரு ஆறுதல். தம்பி ஓட்டைப் பற்றி எழுதினதை வாசிக்க மனம் கனத்துப் போச்சு.

அக்கா, நீங்கள் உறுதிமொழி எடுக்கிற நாள் வந்தால் கட்டாயம் எழுதுங்கோ.