அம்மாவும் நானும் டெல்லி போறோம், கொஞ்சம் வழி சொல்லுங்க

அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல டெல்லி போறேன். ரெண்டு பேருக்கும் இந்தி சுத்தமா வராது. போன தடவை நியூ டெல்லி ஸ்டேஷன்ல பஹாட்கஞ்ச் பக்க வாசல் வழியா வெளியே வந்ததும் ஒருத்தன், "உங்க ஓட்டலை மூடிட்டாங்க மேடம்"னு சொல்லி, போன்ல யார்கிட்டயோ பேசவும் வெச்சான். நம்பிப் போய் ரெண்டு மடங்கு வாடகை அழுதேன். மறுநாள் பார்த்தா என் ஓட்டல் ஜம்முனு திறந்திருக்கு!

இந்த முறை ஸ்டேஷனோட இன்னொரு வாசலான அஜ்மீரி கேட் பக்கம் வந்து நேரா மெட்ரோ பிடிக்கலாம்னு இருக்கேன். முதல் பெட்டி பெண்களுக்குன்னு தெரியும். ஆனா அம்மாவுக்கு முட்டிவலி. சூட்கேஸோட அந்தப் பக்கம் போக லிஃப்ட் ஒழுங்கா வேலை செய்யுதா? கரோல் பாக் ஏரியாவுல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நாங்க ரெண்டு பேர் மட்டும் நடக்கலாமா? சமீபத்துல போனவங்க சொல்லுங்க. அவசர உதவி நம்பர் 112-ஐ போன்ல போட்டு வெச்சாச்சு.