மறு: டாக்ஸ் கிரெடிட் – வரவா, தள்ளுபடியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கலிபோர்னியாவின் வரிப் படிவம் 3506-க்குத் தமிழில் விளக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன். பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநில வரியில் கிடைக்கும் 'டாக்ஸ் கிரெடிட்' பற்றியது. வரிவிலக்கு, வரிச்சலுகை, வரிக்கழிவு, வரி வரவு என்று நாலு சொல் கைவசம் இருக்கின்றன. எதை வைக்கலாம்?

————

விலக்கு வேண்டவே வேண்டாம். விலக்கு என்றால் அந்த வருமானத்துக்கு வரியே கிடையாது. கழிவு என்றால் வருமானத்தில் கழித்து மிச்சத்துக்கு வரி. இது போட்ட வரியிலேயே குறைப்பது. 'சலுகை' இவை எல்லாவற்றுக்கும் பொது. போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

'வரி வரவு' என்றால் அரசாங்கத்துக்கு வந்த வரி என்றே பலர் படிப்பார்கள். ஜிஎஸ்டியில் 'உள்ளீட்டு வரி வரவு' புழங்குகிறது என்பீர்கள். அது வியாபாரிகளோடு சரி. என் ஓட்டு 'வரித் தள்ளுபடி'. இந்திய வருமான வரியில் குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைப்பதும் வரியிலிருந்து குறைவதுதான், அதைத் தள்ளுபடி என்றுதானே சொல்கிறோம்?

————

ஐயா சொல்வது கலிபோர்னியாவுக்குச் சரி, நியூயார்க்கில் உதைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024 வரி ஆண்டு, தம்பதியின் வருமானம் 62,000 டாலர், ஒரு குழந்தை, டேகேருக்கு 9,000 கட்டினார்கள். ஒரு குழந்தைக்கு 3,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள் (இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 6,000). அந்த ஆண்டு இந்த வருமானத்துக்கு அதில் அமெரிக்க மத்திய அரசின் விகிதம் 20%, ஆக 600. கலிபோர்னியா அதில் 43% தருகிறது: 258 டாலர். ஆனால் அவர்களுடைய மாநில வரியே 100 டாலர்தான் என்றால் அந்த 100 அடிபடும், மிச்சம் 158 போச்சு. வருமானம் 1,00,000-ஐத் தாண்டினால் சுத்தமாக இல்லை.

நியூயார்க்வாசி இதே செலவுக்கு அந்த மாநிலத்தின் படிவம் ஐடி-216 போட்டால் வரி போக மிஞ்சுவது பணமாகவே வரும். தள்ளுபடி கொடுத்த கடைக்காரர் மேற்கொண்டு கையில் காசும் கொடுப்பாரா? அதனால் 'வரவு'தான். "கணக்கில் வரவு வச்சுக்கோ" என்று சொல்லாத ஊர் உண்டா? குழப்பம் தீர, 'வரிக்கணக்கு வரவு' என்று வைக்கலாம். நியூயார்க்குடையது 'மீளும் வரவு', கலிபோர்னியாவுடையது 'மீளா வரவு'.

————

வரிக்கணக்கு வரவு நன்றாக இருக்கிறது. எனக்குக் கவலை படிவத்தின் பெயரில் வரும் இன்னொரு சொல்லில். 'டிபென்டென்ட்', அதாவது நம்மை நம்பி வாழ்பவர், என்பதற்கு இலங்கை வழக்கில் 'தங்கியிருப்போர்' என்போம். தமிழ்நாட்டவர் படித்தால் ஆறு மாதம் விசிட்டர் விசாவில் வந்து வீட்டில் தங்கியிருக்கும் மாமியார் என்று எடுத்துக்கொள்வார்கள்!

————

'சார்ந்தோர்' என்று போட்டாலும் வம்புதான். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே, அவர் என்னைச் சார்ந்தவர்தானே என்று வரி உதவி முகாமில் கேட்கிறார்கள். சட்டம் கேட்பது வேறு: 13 வயது நிரம்பாத பிள்ளை, அல்லது தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத துணைவரோ சார்ந்தோரோ, அதுவும் பாதி ஆண்டுக்கு மேல் உங்கள் கூரையின் கீழ் வாழ்ந்தவர். கலிபோர்னியாவில் பராமரிப்பும் அந்த மாநிலத்துக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஊரில் சேர்த்த டேகேர் கட்டணம் செல்லாது.

பெயரைவிட இன்னொரு வாக்கியம் முக்கியம், அதைத் துண்டறிக்கையின் மேலேயே போடுங்கள்: கணவன் மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்குத் தருவது) வேலை அனுமதி இல்லாமல் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் முழுநேர மாணவராகவோ இயலாதவராகவோ இருந்தாலொழிய, எவ்வளவு டேகேர் கட்டியிருந்தாலும் வரவு கிடையாது. நம்மவர் பாதிப்பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

————

நன்றி. தலைப்பை இப்படி வைக்கிறேன்: 'குழந்தை, சார்ந்தோர் பராமரிப்புச் செலவுக்கான வரிக்கணக்கு வரவு'. நீளம்தான். 'சார்ந்தோர்' யார் என்பதை அடியிலேயே பெட்டி கட்டிச் சொல்லிவிடுகிறேன், எச்-4 விஷயம் முதல் பத்தியில். 'மீளா வரவு' மட்டும் இன்னும் நெருடுகிறது. 'வரியளவு வரவு' என்றால் ஒப்புவீர்களா?