ஃபார்மேட் பண்ணினா 69 ஜிபி போகுமா?

தட்டுப்புலி:
"1 டிபி ஹார்ட் டிஸ்க்ல 69 ஜிபி-யை ஃபார்மேட்டே தின்னுடும், அதான் 931 காட்டுது"ன்னு இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குப் பாராட்டு வேற! ஃபார்மேட் பண்ணாத புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்க. அங்கேயும் 931.51தான். ஃபார்மேட்டே நடக்கலையே, யார் தின்னது?

முத்துநகர்:
எழுதினது நான்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல என்டிஎஃப்எஸ் (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்குற விண்டோஸ் முறை) தன் எம்எஃப்டி-க்கு, அதாவது ஃபைல் பட்டியலுக்கு, 12.5 சதவீதம் ஒதுக்கிச்சு. தெரியுமா?

தட்டுப்புலி:
தெரியும். அது வெறும் ஒதுக்கீடு, காலி இடக் கணக்குலயேதான் இருக்கும். மத்த இடம் தீர்ந்தா ஃபைல் அங்கேயும் போகும். 931-ல் 12.5 சதவீதம் 116 ஜிபி. உங்க 69 எங்கே? டிரைவ் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ்: ஒரு லட்சம் கோடியை ஒட்டி பைட் எண்ணிக்கை இருக்கும். 1024-ஆல் மூணு தடவை வகுங்க, 931 வரும். டப்பா 1000-ஆல் வகுக்குது, விண்டோஸ் 1024-ஆல், அவ்வளவுதான்.

கொற்கையான்:
கம்பெனிக்கு வக்காலத்தா? போன எஸ்எஸ்டி இழையிலும் இதேதான் பண்ணீங்க. 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007-ல் சீகேட்டும், டப்பாவுல போட்ட அளவு கிடைக்கலைன்னு வந்த வழக்குகள்ல ஏன் சமரசத்துக்கு வந்தாங்க?

தட்டுப்புலி:
சமரசம்னா குற்றத்தை ஒத்துக்கிட்டதா? மேக் 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்புலேர்ந்து 1000-ஆல் வகுக்குது. அதே டிஸ்க் அங்கே 1 டிபி. திருடின 69 மேக்ல எப்படித் திரும்பி வந்துச்சு?

பனிப்பறவை:
லினக்ஸோட எக்ஸ்ட்4 முறையில ஃபார்மேட் நிஜமாவே இடம் எடுக்கும். வழக்கமான அமைப்புல ஐநோடு அட்டவணைக்கு (ஃபைல்களோட விவரக் குறிப்பு) 16 கேபி-க்கு 256 பைட், அதாவது 1 டிபி-யில் சுமார் 15 ஜிபி. ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) இன்னும் 5 சதவீதம். இடத்தைக் காட்டுற டிஎஃப் கட்டளையில மொத்தம் 917, கிடைக்கிறது 870 மாதிரி வரும். டேட்டா மட்டும் வைக்கிற டிஸ்க்னா டியூன்2எஃப்எஸ் கட்டளையால அந்த 5-ஐ 0 ஆக்கிடலாம். ஐநோடு இடம் மட்டும் திரும்பாது.

முத்துநகர்:
பாத்தீங்களா? ஃபார்மேட் தின்னுது!

தட்டுப்புலி:
அது 931-க்குக் கீழே. நான் கேட்டது 931-க்கு மேலே இருக்கிற 69.

முத்துநகர்:
மேலயோ கீழயோ, தின்னுதுல்ல?

பனிப்பறவை:
என் பதிவை உங்க 69-க்குச் சாட்சியாக்காதீங்க.

கொற்கையான்:
டப்பாவுல 931-ன்னு அச்சடிச்சா வம்பே இல்ல.

தட்டுப்புலி:
மேக்ல போட்டா 1000 காட்டுமே, அப்போ 69 ஜிபி இலவசம்னு எழுதுவீங்களா?

முத்துநகர்:
எம்எஃப்டி-க்கு இன்னும் பதில் வரலை.