பெயர் தெரியாத நிறுவனத்தின் பழைய லேத்தை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு அறிமுகமில்லாத நிறுவனத்தின் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உதிரிபாகம் கிடைக்குமா என்பது தெரியாத நிலையில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1: பெயரைவிட, லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் தேய்மானமே முக்கியம். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகில், வெட்டுளியைத் தாங்கிப் பெட்டின்மேல் நகரும் கேரியேஜின் பூட்டுத்திருகைச் சற்றே இறுக்கி, அதை எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தும்போது இறுகி நின்றால், அதிகம் உழைத்த சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதைச் சீராக்கும் செலவு லேத்தின் விலையையே மிஞ்சக்கூடும்.

பதில் 2: சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் முனையில் உள்ள மரையளவும், அதன் கூம்புத் துளையின் அளவைக் குறிக்கும் மோர்ஸ் டேப்பர் எண்ணும் பொது அளவுகளாக இருந்தால், வேறு நிறுவனத்தின் சக்கையும் சென்டரையும் (வேலைப்பொருளின் முனையைத் தாங்கும் கூர்முனை) பொருத்த வழியுண்டு. மரை வெட்டுவதற்கான மாற்றுப் பல்சக்கரங்கள் முழுமையாக உள்ளனவா என்று அவசியம் பாருங்கள்; அவற்றைத் தனியாகத் தேடுவது மிகக் கடினம்.

பதில் 3: எல்லா வேகங்களிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.