சங்கத்துல சேர்ந்து என்ன கெடச்சுது? சேர்ந்தவங்க சொல்லுங்க

டிக்கோயா தங்கச்சி:
கொழும்புக்குப் பக்கத்துல மஹரகமையில பல் சிகிச்சைப் பயிற்சி முடிச்சு, ஊருக்குப் பக்கத்துலயே ஒரு பாடசாலைப் பல் கிளினிக்குக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. ஒரு அறை, ஒரு நாற்காலி, வாசல்ல வரிசையா பிள்ளைங்க. சந்தேகம் வந்தா கேக்க ஆளில்ல. இப்ப எங்க பல் சிகிச்சைத் தொழில்ல இருக்கிறவங்களோட சங்கத்துல சேரச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கு. அம்மாகிட்ட சொன்னேன். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது தோட்டத்துத் தொழிற்சங்கம்தான். "சங்கமா? மாசாமாசம் சந்தா பிடிப்பாங்க, எலெக்‌ஷனுக்குத் தலைவர் வருவாரு, அம்புட்டுத்தானே?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. விளம்பரம் மாதிரி வேணாம்.

ஹட்டன் அக்கா:
உங்க அம்மா கேட்டது நியாயம்தான் தங்கச்சி. நானும் அப்படி நெனச்சவதான். அஞ்சாறு வருஷத்துக்கு முந்தி, பேராதனைப் பல் மருத்துவ பீடத்துல இருந்து ஒரு விரிவுரையாளரைக் கூப்பிட்டு கண்டியில ஒரு வகுப்பு வச்சாங்க. பகல் சாப்பாடு போடுறாங்களேன்னு போனேன், உண்மை அதுதான். அவர் ஒரு விஷயம் காட்டினாரு: நோயாளி தன்னோட மூணு விரலையும் ஒன்னுமேல ஒன்னா வச்சு வாய்க்குள்ள விட்டுப் பாக்கணும். போகலேன்னா, பாக்கு போடுறவங்களான்னு கேளுங்க. உறைப்பு பட்டா எரியுதான்னு கேளுங்க. கன்னத்தோட உள்பக்கம் வெளுத்து, தடவினா நார் மாதிரி இறுகி இருக்கும், அது பின்னால புற்றா மாறலாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லயே சொல்லிருச்சு, புகையிலை சேர்க்காட்டியும் ஆபத்துதான்னாரு. எங்க ஊர்ல "நான் பொயில போடுறதில்ல மிஸ், வெறும் வெத்தல பாக்குத்தான்"னு சொல்றவங்கதானே பாதிப் பேர்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பிள்ளைக்குப் பல் அடைச்சுக்கிட்டு இருக்கேன். கூட வந்த அம்மா கொட்டாவி விட்டாங்க. வாய் முழுசாத் தெறக்கல. அவங்க என் நோயாளியே இல்ல, என் வேலை பிள்ளைங்களோட பல்லு. ஆனா மூணு விரல் ஞாபகம் வந்துச்சு. விட்டுப் பாக்கச் சொன்னேன். ஒன்னரை விரலுக்கு மேல போகல. "மொளகா ரசம் குடிக்கிறதையே விட்டுட்டேன் மிஸ்"னாங்க. பேராதனைக்குக் கடிதம் எழுதிக் குடுத்தேன். போனா அன்னைக்கு பேர் விழாதே, சம்பளம் போயிருமேன்னு ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. பிள்ளையைப் பாக்க வரும்போதெல்லாம் நானும் விடல. கடைசியில போயி, சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதனை பண்ணி, இன்னும் புற்றாகலன்னு வந்துச்சு. இறுகினது முழுசா இளகாது, ஆனா பாக்கை விட்டுட்டாங்க. இப்பவும் தவணைக்குப் போறாங்க.

அந்த வகுப்புக்குப் போகாம இருந்திருந்தா, "அம்மா தூங்கி வழியிறாங்க"ன்னு நெனச்சிருப்பேன்.

நுவரெலியா தம்பி:
என் கதை சின்னது. நகரத்துல ஒரு தனியார் கிளினிக்ல பல் சுத்தம் பண்ற ஹைஜீனிஸ்ட்டா இருந்தேன். பல்லுக்காரை சுரண்டுற ஸ்கேலரைக் கழுவும்போது கையுறையைத் தாண்டி விரல்ல குத்திருச்சு. முதலாளி டெட்டோல் ஊத்தி, "ஒன்னும் ஆகாது, அடுத்த ஆளைக் கூப்பிடு"ன்னாரு. ராத்திரி ஒன்பது மணிக்குச் சங்கத்துல இருந்த மூத்த அக்கா ஒருத்தங்களுக்கு அடிச்சேன். அவங்க கேட்ட மொதக் கேள்வி: "பிதுக்கினியா? பிதுக்கக்கூடாது. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவு." ரெண்டாவது கேள்வி: ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் போட்டிருக்கியா? நான் ஒன்னுதான் போட்டிருந்தேன். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கணும், சீக்கிரம்னா சீக்கிரம், காலைல வரை இருக்காதேன்னாங்க. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்னும் ஆகல. இப்ப வேற இடத்துல வேலை.

பண்டாரவளை அண்ணன்:
எல்லாரும் புகழ்றீங்க. நான் ரெண்டு வருஷம் கட்டிட்டு விட்டவன். கூட்டம் கொழும்புல. ராத்திரி மெயில் ஏறி, விடிய இறங்கி, ஒரு பெட்டீஸும் பிளேன்டீயும் குடிச்சிட்டுப் போய் உக்காந்தா, பேச்செல்லாம் சிங்களத்துல, இல்லாட்டி இங்கிலீஷ்ல. எனக்குச் சிங்களம் தெரியும், அது இல்ல பிரச்சினை. தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு சீனி போட்ட தேயிலையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பல் துலக்குறதைப் பத்தின துண்டுப்பிரசுரம் தமிழ்ல கேட்டேன், ஒரு வருஷம் போச்சு.

ஹட்டன் அக்கா:
அண்ணே, அந்தத் தமிழ்ப் பிரசுரம் வந்திருச்சு. நீங்க கேட்டதைப் பாத்துதான் நாங்க நாலு பேர் உக்காந்து எழுதினோம். நீங்க விட்டுட்டுப் போனதுக்கு அடுத்த வருஷம்.

பண்டாரவளை அண்ணன்:
சரி, அப்ப ஒரு கட்டு அனுப்புங்க. கூட்டத்துக்கு வருவேன்னு நெனைக்காதீங்க.

பதுளைப் புள்ள, இப்ப டொரொண்டோவுல:
தங்கச்சி, இங்க வந்த புதுசுல எனக்கு ஒரு குழப்பம். இந்த ஒன்டாரியோ மாகாணத்துல ஹைஜீனிஸ்ட் வேலை செய்ய ஒழுங்குமுறைக் கல்லூரியில பதியணும். கல்லூரின்னு பேரு, பாடம் நடத்துற இடம் இல்ல. அது நோயாளியைக் காப்பாத்த இருக்கிற அமைப்பு. நம்ம மேல முறைப்பாடு வந்தா விசாரிக்கிறதும் அதுதான். சங்கம் வேற. அது நம்ம பக்கம் நிக்கிறது. இங்க 2007-ல இருந்து, அதுக்கு அனுமதி எடுத்த ஹைஜீனிஸ்ட் பல் வைத்தியரோட உத்தரவுக்குக் காத்திருக்காமலே பல் சுத்தம் பண்ணலாம். அதுக்காக வருஷக்கணக்கா அரசாங்கத்துக் கதவைத் தட்டினது சங்கம்தான். தனி ஆளா நான் தட்டியிருந்தா காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பான். அமெரிக்காவுல இந்தத் தொழிலுக்கு 1923-லயே சங்கம் வந்திருச்சு. அதனால உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, சந்தா பிடிக்கிறதுல தோட்டத்துச் சங்கமும் இந்தச் சங்கமும் ஒன்னுதான். தலைவர் எலெக்‌ஷனுக்கு மட்டும் வர்றாரா இல்லையாங்கிறதை ஒரு வருஷம் பாத்துட்டு முடிவெடுங்க.

டிக்கோயா தங்கச்சி:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஹட்டன் அக்கா சொன்னதைக் கேட்டதும் எந்திரிச்சுப் போயி வெத்தலைப் பையைத் தேடினாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு மூணு விரலை விட்டுப் பாத்தாங்க. மூணும் போகுது. பையை மட்டும் என்கிட்ட குடுக்கல.

அப்புறம், படிவத்துல ஏற்கனவே அங்கத்தவரா இருக்கிற ரெண்டு பேர் கையெழுத்து கேட்டிருக்கு. ஹட்டன் பக்கம் யாராவது இருப்பீங்களா?

ஹட்டன் அக்கா:
ஞாயித்துக்கிழமை காலைல வா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால நிப்பேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா, பையோட.