லாமெல்லபோன்: தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க மரபிசைப் பதிவுகளைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். ஜிம்பாப்வேயின் எம்பிரா, காங்கோவின் லிகெம்பே, உகாண்டாவின் கடோங்கோ, தான்சானியாவில் கோகோ மக்களின் இலிம்பா ஆகியவை ஒரே குடும்பத்துக் கருவிகள். ஒரு பலகையின் மேல் மெல்லிய இரும்புத் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஒரு முனை இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், மறுமுனை கட்டில்லாமல் எழும்பி நிற்கும். அந்த முனையை விரலால் அழுத்தி விட்டால் ஒலி பிறக்கும். குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் லாமெல்லபோன் என்று பெயர்.

கைவசம் இருப்பவை: கட்டைவிரல் பியானோ, தகட்டிசைக் கருவி, கலிம்பா. எதை எடுக்கலாம்? குடும்பத்தின் பெயரோடு, அந்த இரும்புத் துண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். ஒலிப்பதிவுக் குறிப்புகளில் அது வரிக்கு வரி வருகிறது.

———

கட்டைவிரல் பியானோ போதுமே, தம்பி. பள்ளிப் பிள்ளைகூடப் படித்தவுடன் புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் கலிம்பா என்றே வைத்துவிடுங்கள். கடைகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். புதுச்சொல் செய்துதான் ஆக வேண்டுமா?

———

> கட்டைவிரல் பியானோ போதுமே

போதாது, அம்மா. ஜோவாவோ தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துகீசிய பாதிரியார் 1586இல் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தக் கருவியைப் பார்த்து, ஒன்பது இரும்புத் துண்டுகள் கொண்டது என்றும், 'அம்பிரா' என்று பெயர் என்றும் எழுதிவைத்தார். இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி பியானோவைச் செய்ய அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மூத்த கருவியை இளைய கருவியின் குட்டி வடிவம்போலக் காட்டும் பெயர் நமக்கு எதற்கு? பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. இங்கே சுத்தியலும் இல்லை, கம்பியும் இல்லை. கட்டைவிரல் என்பதாவது சரியா என்றால் அதுவும் பாதிதான். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் எம்பிரா த்ஸவத்ஸிமு என்ற வகையில் இரண்டு கட்டைவிரல்களோடு வலது கைச் சுட்டுவிரலும் வேலை செய்கிறது. கட்டைவிரல்கள் மேலிருந்து அழுத்துகின்றன, சுட்டுவிரல் அடியிலிருந்து சுண்டுகிறது.

கலிம்பா என்பது அந்தப் பகுதி மொழிகளில் உண்மையிலேயே வழங்கும் சொல். ஆனால் உலகக் கடைகளுக்கு அது வந்த வழி வேறு. இங்கிலாந்தில் பிறந்து ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) போன ஹியூ டிரேசி, 1950களில் மேற்கத்திய சுரவரிசைக்கு ஏற்பச் சுருதி கூட்டிய கருவி ஒன்றைத் தென்னாப்பிரிக்காவில் செய்து அந்தப் பெயரில் விற்றார். இன்று கடையில் கிடைப்பவை அதன் வழிவந்தவை. அந்தப் பெயரைக் குடும்பத்துக்கே சூட்டினால் நியாமரோப்பா என்ற ஷோனா சுருதியில் ஒலிக்கும் எம்பிராவும் அதற்குள் அடங்கிப்போகும்.

இனித் தமிழ்ப் பக்கம் வருகிறேன். தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று நாம் கருவிகளைப் பிரிக்கிறோம். எம்பிராவைக் கஞ்சக்கருவியில்தான் வைக்க முடியும். ஆனால் கஞ்சம் என்றால் வெண்கலம். எம்பிராவில் இருப்பது இரும்பு, அதே குடும்பத்தில் பிரம்பாலும் மூங்கிலாலும் ஆனவையும் இருக்கின்றன. தகட்டிசை என்பதிலும் இதே சிக்கல், மூங்கில் சீவலை யாரும் தகடு என்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1870களில் கொல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய அரசருக்கு இந்திய இசைக்கருவிகளை அனுப்பிவைத்தார். பிரசெல்ஸில் அவற்றைப் பொறுப்பேற்ற விக்டர் மகியோன், நாட்டிய சாத்திரத்தின் நால்வகைப் பிரிவை ஒட்டித் தம் பட்டியலை அமைத்தார். ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இசையறிஞர்கள் 1914இல் வெளியிட்ட வகைப்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அதில் தம் உடலே அதிர்ந்து ஒலிக்கும் கனக்கருவிகளுக்குள் மீட்டி ஒலிக்கச் செய்பவைக்கு எண் 12. சட்டத்துக்குள் நாக்கு இருந்தால் 121, சீப்புப்போல வரிசையாக இருந்தால் 122. நம் மோர்சிங் 121, எம்பிரா 122. பங்காளிகள்!

மோர்சிங் வாசிப்பவர்கள் நடுவில் அதிரும் அந்தத் துண்டை நாக்கு என்றே சொல்வார்கள். ஐரோப்பியரும் இந்தக் குடும்பத்துக்கு லிங்குவாபோன் என்று இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள், லத்தீனில் லிங்குவா என்றால் நாக்கு. ஆகவே துண்டுக்கு 'நா', குடும்பத்துக்கு 'நாமீட்டி' என்று முன்மொழிகிறேன். இரும்பா மூங்கிலா என்ற கேள்வியே எழாது.

பார்த்துவிட்டு ஒதுக்கிய மற்றவை: 'அலகு' அழகான சொல், ஆனால் தமிழிசையில் அது சுருதியின் அளவு. "இந்தக் கருவியில் 22 அலகுகள்" என்று எழுதினால் பழந்தமிழிசை படித்தவர் வேறு கணக்குப் போடுவார். 'பற்கருவி' என்று ஒரு நண்பர் சொன்னார். அதைப் பல் மருத்துவருக்கே விட்டுவிடுவோம்.

———

நாமீட்டியை ஏற்க முடியவில்லை, ஐயா. "அவர்கள் நாமீட்டி இசைத்தார்கள்" என்பதை வேகமாகப் படித்துப் பாருங்கள். நாம் ஈட்டியது ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. மேலும் கோயில் மணிக்கும் நா உண்டு. மணியின் நா அடிக்கும், இங்கே நாவே ஒலிக்கிறது.

பியானோவை விட்டுக்கொடுத்துவிட்டேன். தோஸ் சாந்தோஸ் வாயை அடைத்துவிட்டார்.

———

ஈட்டி குத்தியதை ஒப்புக்கொள்கிறேன், அம்மா. அப்படியானால் வரிசையை மாற்றலாம்: 'மீட்டுநா'. வினைத்தொகை. மீட்டிய நா, மீட்டுகிற நா, மீட்டும் நா என மூன்று காலத்துக்கும் பொருந்தும். மணியின் நாவை யாரும் மீட்டுவதில்லை என்பதால் அந்தக் குழப்பமும் தீர்ந்தது. குடும்பத்துக்கு 'மீட்டுநாக்கருவி'. கொஞ்சம் நீளம்தான். வகைப்பாட்டுப் பெயர் நீளமாக இருக்கலாம், நாள்தோறும் புழங்கும் பெயர் எம்பிராவாகவே இருக்கட்டும். 2020இல் யுனெஸ்கோ மலாவி, ஜிம்பாப்வே நாடுகளின் இந்தக் கலையைப் பட்டியலில் சேர்த்தபோதும் எம்பிரா, சான்சி என்ற உள்ளூர்ப் பெயர்களில்தான் சேர்த்தது.

தம்பி துண்டுக்குத் தனிச்சொல் கேட்டது சரியான கேள்வி. டிரேசி 1954இல் தொடங்கிய பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகம், இன்று ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருப்பது, 'சவுண்ட் ஆஃப் ஆப்பிரிக்கா' என்று 210 இசைத்தட்டுகளை வெளியிட்டது. பதிவுக்குப் போன இடங்களில் டிரேசி இசைக்கவைகளை வைத்துக் கருவியின் சுருதியை அளந்து குறித்துவைத்தார். அந்தக் குறிப்பைத் தமிழாக்கும்போது "மூன்றாம் மீட்டுநா" என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பதில் ஐயமே இராது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு ஒன்று. எம்பிராவின் பலகையிலும் அதை உள்ளே வைத்து வாசிக்கும் டேஸே என்ற சுரைக்குடுக்கையிலும் சிப்பிகளோ சோடா மூடிகளோ கோத்திருப்பார்கள். ஒவ்வொரு மீட்டலுக்கும் அவை சேர்ந்து இரையும். ஷோனா இசைஞருக்கு அந்த இரைவு இல்லாத எம்பிரா அரைகுறை. பதிவுக் குறிப்பில் இதை 'இரைச்சல்' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? ஒலித்தட்டைத் துப்புரவு செய்கிறவர் ஊசிக் கீறலோடு சேர்த்து அதையும் வடிகட்டிவிடுவார். தம்பூராவின் குதிரையில் நூல் வைத்து நாமே வரவழைக்கும் கார்வையை யாராவது பழுது என்று நீக்குவார்களா? இதற்கு 'இரைவொலி' என்று வைத்து, 'இரைச்சல்' என்ற சொல்லைத் தட்டின் கீறலுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

———

மீட்டுநா, மீட்டுநாக்கருவி, இரைவொலி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நன்றி, ஐயா.

இன்னொரு ஐயம். இந்தப் பதிவுகளைக் 'களப்பதிவு' என்று எழுதியிருக்கிறேன். ஷோனா மக்கள் முன்னோர் ஆவிகளை அழைக்கும் பீரா சடங்கில் எம்பிரா இரவு முழுக்க ஒலிக்கும். ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும், ஒருவர் குஷௌரா என்ற முதல் பகுதியை வாசிக்க, இன்னொருவர் குட்சின்ஹிரா என்ற துணைப் பகுதியை இடையில் பின்னிக்கொண்டே போவார். தட்டில் கேட்பதோ சில நிமிடங்கள்தான். இதைக் களப்பதிவு என்பது தகுமா?

———

தகும். ஊரில் பதிந்தது என்பதுதான் களப்பதிவின் பொருள், முழுவதையும் பதிந்தது என்பதில்லை. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். டிரேசி ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, பாடுபவரிடமும் கருவியிடமும் மாறி மாறிக் கொண்டுபோய்ப் பதிந்தவர். எது முன்னே கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. ஆகவே 'களப்பதிவு' என்று எழுதிவிட்டு, நேரத்துக்கான கட்டத்தில் 'நீளம்' என்பதற்குப் பதில் 'பதிந்த நேரம்' என்று போடுங்கள். பாட்டின் நீளம் அது அன்று.

———

தம்பிக்குச் சொன்ன 'பதிந்த நேரம்' நன்று, ஐயா. எம்பிராவோடு ஒலிக்கும் ஹோஷோவுக்கு 'சுரைக் கிலுகிலுப்பை' என்று எழுதலாமா? கிலுகிலுப்பை என்றதும் தொட்டில் நினைவுக்கு வருகிறது என்று என் மகள் தடுக்கிறாள்.

———

ஹோஷோ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் "உள்ளே விதைகள் குலுங்கும் சுரைக்குடுக்கை இணை" என்று விளக்குங்கள், அம்மா. மகள் சொல்வது சரி.