பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுபோகும் நடமாட்டம்: உங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பி.டி. ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி (பி.டி.) ஆசிரியராக வேலை. எட்டாம் வகுப்பு வரை மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடிவரும் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், அதற்குமேல் டியூஷன். விளையாட்டு குறைவது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது அதைவிடச் சின்ன விஷயம்: நடப்பது, சைக்கிள் மிதிப்பது, கடைக்குப் போய்வருவது, மொட்டைமாடியில் காயும் துணியை எடுத்துவருவது. மூச்சு வாங்காத இந்த நடமாட்டமும் கூடவே நின்றுபோகிறது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் 4,257 பேருக்கு 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, 18 வயதில் மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தார்கள். இந்த ஆய்வு 2020இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் வந்தது. 12 வயதில் ஒரு நாளில் சுமார் 7 மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள், 16 வயதில் எட்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். லேசான நடமாட்டம் ஐந்தரை மணியிலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைந்துபோனது. 12 வயதில் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு மதிப்பெண் 11 சதவீதம் அதிகம். ஒரு மணி நேரம் கூடுதலாக லேசாக நடமாடியவர்களுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது, மனம் சோர்ந்த பிள்ளை தானாகவே முடங்கி உட்காரவும் கூடும். இருந்தாலும் நான் தினமும் வாசலில் நின்று பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. விலையில்லா சைக்கிளில் கூட்டமாகப் பேசிக்கொண்டு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளின் முகம் வேறு, வேனிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் முகம் வேறு.

உங்கள் வீட்டில் எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா, தாம்பரம்

என் மகளுக்குப் பள்ளிக்கு வேன், இரண்டு தெரு தள்ளியிருக்கும் டியூஷனுக்கு அவள் அப்பாவின் ஸ்கூட்டர். நேரம் மிச்சமாகும் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாள். தலைவலி. எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். என் மாமியார்தான், “அவளை நடந்து போகவிடு, வரும்போது கறிவேப்பிலையும் பாலும் வாங்கிவரட்டும்” என்றார். கீழ்வீட்டுப் பெண்ணும் அதே டியூஷன் என்பதால் இருவரும் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள்.

மதிப்பெண் கூடியதா என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. ஆனால் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல் அடுக்களைக்கு வந்து, வழியில் பார்த்த நாய்க்குட்டி, டியூஷனில் யார் யாரோடு பேசவில்லை என்று கதை சொல்கிறாள். எனக்கு அது போதும்.

கல்லூரி முதலாண்டு மாணவி, கோவை

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் ஓர் உறைவிடப் பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம். விடியுமுன் மணி அடிக்கும். முகம் கழுவிக்கொண்டு ஸ்டடி ஹாலில் உட்கார வேண்டும். பிறகு வகுப்பு, மறுபடி ஸ்டடி, டெஸ்ட், சாப்பாடு, ஸ்டடி, ராத்திரி பத்து மணி. ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட். பெரிய மைதானம் இருந்தது, அட்மிஷன் நோட்டீசில் அதன் படமும் இருந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் அதில் இறங்கி நான் பார்த்ததில்லை. முதுகுவலி, மலச்சிக்கல், காரணமே தெரியாமல் அழுகை. வீட்டுக்குப் போன் பேசும் நாளில் “நல்லா இருக்கேன்மா” என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒருமுறை மோட்டார் ரிப்பேர் ஆகி, ஹாஸ்டல் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழே இருந்த தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு எல்லோரும் மேலே தூக்கிப் போனோம். முணுமுணுப்பு, சிரிப்பு, படியெல்லாம் தண்ணீர். அந்த நாட்களில் நான் படுத்ததும் தூங்கினேன். பக்கத்துக் கட்டில் தோழியும் அதையே சொன்னாள். மோட்டார் சரியானதும் பழைய முழிப்பு திரும்பிவந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சில பேர் வார்டன் மேடத்திடம் போய், மாலை ஸ்டடியில் கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்துகொண்டே படிக்கிறோம் என்று கேட்டோம். யோசித்துவிட்டு, “சத்தம் போடாம நடங்க” என்றார். ஒருத்தி கேள்வி கேட்க, மற்றவர்கள் நடந்துகொண்டே பதில் சொல்வோம். விலங்கியலில் பாதிப் பாடம் எனக்கு அந்தச் சிவப்புத் தரையோடுதான் நினைவில் இருக்கிறது. அழுகை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் அழுதால், கூட நடப்பவர்களில் யாராவது ஒருத்திக்குத் தெரிந்துவிடும். நடந்ததால் நன்றாக இருந்ததா, கூடப் பேச ஆள் கிடைத்ததால் நன்றாக இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தமிழ் ஆசிரியை, குமாரபாளையம்

பி.டி. சார் சொல்வதோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் ஊர் விசைத்தறி ஊர். பள்ளி விட்டதும் தறிப்பட்டறைக்கு உதவிக்குப் போகும் பையன்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். காலையில் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு வருகிறாள். சாயங்காலம் பாத்திரம், துணி. கருவியைக் கட்டி அளந்தால் தாம்பரத்துப் பெண்ணைவிட இவள் பல மடங்கு நடமாடியிருப்பாள். மனம் நன்றாக இருக்கிறதா? இரண்டாவது பீரியடிலேயே கண் சொருகுகிறது. தோழியோடு நடந்துபோவதும் கட்டாயத்தில் குடம் சுமப்பதும் ஒன்றாகிவிடாது. “பிள்ளைகள் அசையட்டும்” என்று பொதுவாகச் சொன்னால், வீட்டில் ஏற்கெனவே வேலை வாங்குகிறவர்கள் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெண்ணுக்குத் தேவை ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருப்பது. அவளுடைய அண்ணன் ஒரு குடம் தூக்கினால் இரண்டு பேருக்கும் நல்லது.

பி.டி. ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். என் பள்ளியிலும் அறுவடை சமயத்தில் இப்படி வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களை நான் மைதானத்தில் ஓடச் சொல்வதில்லை, மரத்தடியில் உட்கார்ந்து கேரம் ஆடட்டும் என்று விட்டுவிடுவேன்.

குழந்தைகள் நல மருத்துவர், திருச்சி

வளரிளம் பிள்ளைகள் தலைவலி, களைப்பு என்று வந்தால் நான் முதலில் கேட்பது தூக்கத்தைத்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் தூக்க நேரம் இயல்பாகவே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். பத்து மணிக்குத் தூக்கம் வராத பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதில் நியாயமில்லை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்த நேரம் கொஞ்சம் முன்னால் வரும். நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போகிறவர்களுக்கு அது தானாகக் கிடைக்கிறது.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக உடலசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் 2016 வரையிலான விவரங்களைத் தொகுத்து 2019இல் வெளியிட்டபோது, 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 85, ஆண்களில் 78. குமாரபாளையம் டீச்சர் சொல்லும் பெண் அந்த 85இல் இல்லாமல்கூட இருக்கலாம், ஆனாலும் அவளுக்கு உதவி தேவை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் விலகாமல் இருந்தாலோ, சாப்பாட்டையும் நண்பர்களையும் ஒதுக்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, “நடந்தால் சரியாகும்” என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பெரியம்மா, யாழ்ப்பாணம்

எங்கட பக்கம் பிள்ளையள் ரியூசனுக்குச் சைக்கிளிலதான் போறவை. வெயிலெண்டாலும் ரெண்டு மூண்டு பேராக் கதைச்சுக்கொண்டு போவினம். ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பொதுச்) சோதினை நேரம் என்ர பெறாமகள் அந்தச் சைக்கிள் ஓட்டத்தை விடவே இல்லை. கொழும்பில இருக்கிற தங்கச்சியின்ர மகன் வானில (வேனில) ஏறி வானில இறங்கிறான். லீவுக்கு இங்க வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டான்.

பிளஸ் ஒன் மாணவியின் அப்பா, செங்கல்பட்டு

தாம்பரம் அம்மாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தெருவில் ஏழு மணிக்கு மேல் விளக்கு சரியாக எரிவதில்லை, நாய்த் தொல்லை வேறு. டியூஷன் விடும்போது எப்படி நடக்கவிடுகிறீர்கள்?

பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா, தாம்பரம்

போகும்போது வெளிச்சம் இருக்கும், இரண்டு பேரும் தனியாக நடந்துவிடுவார்கள் சார். திரும்பும்போது இருட்டிவிட்டால் அவள் அப்பா ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்துபோய்க் கூட்டிவருகிறார். தெருவிளக்குக்கு நாங்கள் மாநகராட்சியில் எழுதிக்கொடுத்து, கவுன்சிலரையும் நேரில் பார்த்த பிறகு எரிந்தது. உங்கள் தெருவில் அதே டியூஷனுக்குப் போகும் மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.